பத்தியத்துக்குப் பொடிமீன்

1

போன மாதம் என் மகள் செல்வி தன் முதல் மீனைப் பிடித்தாள். பிடித்த சூட்டோடு ஆற்றில் விட்டும் விட்டாள். இந்த ஊரில் அது ஒரு சங்கதியே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்கின்றன. என் வீட்டில் மட்டும் அது பெரிய சங்கதியாகிவிட்டது. நம் பக்கத்து ஆட்களுக்குச் சொன்னால் புரியும் என்று எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர். செங்கல் காளவாயில் வேலை. சூடான கல்லை வண்டியில் அடுக்கி வெளியே தள்ள வேண்டும். வந்த புதிதில் கை கொப்பளித்தது, பிறகு காய்த்துவிட்டது. சொல்வதற்கு அவ்வளவுதான்.

இங்கே மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை ஆற்றில் தூண்டில் போடக் கூடாது. மீன் முட்டை விடுகிற காலம் என்று சட்டம். தடை நீங்கும் அன்று விடிவதற்குள் கரை முழுக்க ஆள் உட்கார்ந்துவிடும், எங்கள் ஊர் உத்திரமேரூர்க் கொட்டகையில் படம் மாற்றிய நாள் மாதிரி. செல்வி பிறந்தது ஜூன் மாதத் தொடக்கம். ஒன்பது வயது முடிந்ததற்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். தூண்டில் வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிறவர்களிடம் இருக்கிறதாம். அவர்கள் அவளை ‘சில்வி’ என்கிறார்கள். இப்போது அவளும் நோட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதிக்கொள்கிறாள்.

தடை நீங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆற்றுக்குப் போனோம். என் மனைவி பச்சையம்மாள் புல்லில் துணி விரித்து, சோற்றுத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்விக்கு நான் புழு மாட்டிக் கொடுத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தக்கை ஒரு முறை நடுங்கி, பக்கவாட்டில் நழுவியது. இழுத்தாள். விரல் நீளம் ஒரு மீன். மணல் நிறம், வாயோரம் இரண்டு மீசை. இங்கே அதற்கு கட்ஜன் என்று பேர். நம் ஏரிக்காரர்கள் பார்த்தால் உளுவைக்கும் அயிரைக்கும் பிறந்தது என்பார்கள்.

செல்வி முதலில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். காய்ந்த கையால் தொட்டால் மீனின் மேல்தோல் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பூப்போலத் தூண்டில் முள்ளை எடுத்தாள். என்னிடம் தூக்கிக் காட்டினாள். ரொம்பச் சின்னது, பாவம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறக்கி விட்டாள். அது கொஞ்ச நேரம் அவள் விரல்களுக்கு நடுவிலேயே நின்றுவிட்டுப் போயிற்று. அவள் கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்லா கத்துக்கினா” என்றாள் பச்சையம்மாள்.

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வி என் மடியில் தூங்கிப்போனாள். பச்சையம்மாள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இந்தப் பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போறேன்யா.”

ஒன்பது வருஷம் கழித்து அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். ஐந்தாம் மாதம். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

2

உத்திரமேரூர் ஏரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கரைமேல் நின்றால் அக்கரை தெரியாத தண்ணீர். நல்ல மழைக்கு ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கோடி என்கிற கல்கட்டு மேல் வழியும். அப்போது பொடிமீன்கள் தண்ணீரை எதிர்த்துக் கல்மேல் துள்ளித் துள்ளி ஏறும். ஏரிக்குள் இருக்கிற பெரிய மீன் குத்தகைக்காரருக்குச் சொந்தம். மதகு தாண்டிக் கால்வாயில் இறங்கிவிட்ட பொடிமீனை அவர் கண்டுகொள்ள மாட்டார். அதைப் பிடிக்க வலையும் வேண்டியதில்லை. மூங்கில் குச்சி, நெட்டித் தக்கை, வளைத்த குண்டூசி, இரைக்கு மண்ணில் தோண்டிய நாக்கப்பூச்சி. காலால் சேற்றைக் கலக்கிவிட்டு, கலங்கல் இறங்குகிற இடத்தில் ஊசியைப் போட்டால் மீன் வரும். சேறு கலங்கினால் இரை கிளம்பும் என்று அதற்குத் தெரியும்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்ட பிறகு ஓரிடத்தில் நின்றதில்லை. பக்கத்துக் கிராமம் பெருநகரில் நெல்லறுப்புக்குப் போனேன். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் நெல் அவித்தேன். அங்கேயிருந்து மதராஸ் துறைமுகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனைக் கப்பலில் எஞ்சின் அறைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். ஐம்பத்தைந்தாம் வருஷம் இந்தத் தேசத்துத் துறைமுகம் ஒன்றில் கொதிநீர் காலில் கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நான் எழுந்து நடப்பதற்குள் கப்பல் போய்விட்டது. சரி என்று இங்கேயே வேலை தேடினேன்.

காளவாய்க்குப் போகிற வழியில் ஒரு பாலம். ஞாயிற்றுக்கிழமை முறை வேலைக்குப் போகும்போது பாலத்தின் மேலிருந்து பார்ப்பேன். கரை நெடுக மனிதர்கள் சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கையில் நீளக் கழி. பக்கத்தில் வளையம் வளையமாகக் கட்டிய நீள வலைப்பை ஒன்று தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். பிடிக்கிற மீனையெல்லாம் உயிரோடு அதில் போடுவார்கள். எல்லாம் விரல் நீளம், அரைச்சாண் நீளம். எனக்கு மனசு நிறைந்துபோகும். வெள்ளைக்காரனும் பொடிமீன் தின்கிறான், உயிரோடு வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறான், நம்மைப்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் பாலத்தைக் கடக்கிற நேரம் காலை. வேலை முடிந்து வரும்போது கரையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் மீதியை நான் பார்த்ததில்லை.

3

இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பச்சையம்மாளின் அம்மா முனியம்மாள். கால்வாயோரத்து வீடு. புருஷன் இல்லாமல் கூலி வேலை செய்து ஒரே மகளை வளர்த்தவள். தெருவில் யார் பிள்ளை பெற்றாலும் மூன்றாம் நாள் இவள் ஒரு சட்டியில் பொடிமீனை உயிரோடு கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். பூண்டும் மிளகும் அரைத்துவிட்டு அந்த மீனைக் குழம்பு வைத்துக் கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்துப் பத்தியம். மீன் சட்டியில் உப்பு படும்வரை உயிரோடு இருக்க வேண்டும். செத்த மீன் ஆகாது.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் என் சம்பளத்தைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கேட்டார்கள். முனியம்மாள் அதையெல்லாம் கேட்கவில்லை.

“தலச்சன் புள்ளைக்கு எம்பொண்ண எங்கூட்டுக்கு அனுப்புவியா மாப்ள?”

“கப்பல்லயே ஒரு மாசம் ஆவும் அத்த. புள்ளத்தாச்சிய எப்டி அனுப்பறது?”

“அப்ப எப்டி?”

“அங்கயே ஆஸ்பத்திரி கீது. பெரிய ஆஸ்பத்திரி.”

“ஆஸ்பத்திரில புள்ள எடுப்பாங்க. பத்தியம் போடுவாங்களா?”

அவளே மேலே கேட்டாள்.

“ஏரி கீதா அங்க?”

“ஆறு கீது அத்த. வூட்டுலேந்து நடந்து போற தூரம்.”

“ஆத்துல மீனு?”

“கரையெல்லாம் மீன் புடிக்கிறவந்தான். அல்லாம் பொடிமீனு. உசுரோட வலைல போட்டு வச்சிக்கினு உக்காந்துகினு இருக்கான்.”

“வெள்ளக்காரன் துன்றானா பொடிமீன?”

“துன்னாம இன்னா பண்ணுவான்?”

அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். “அதானே, துன்னாம இன்னா பண்ணுவான்” என்று ஒருத்தி திருப்பிச் சொன்னாள். முனியம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ கால்வாய்ல தூண்டி போட்டுக்கினு திரிஞ்சவந்தானே. எம்பொண்ணுக்கு நீயே புடிச்சித் தரியா?”

“தரேன் அத்த.”

“இது போதும்” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். கல்யாணம் முடிவானது அந்தப் பேச்சில்தான். அன்று நான் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். அதுதான் இன்றுவரை மனசில் கிடந்து அறுக்கிறது. பொய் சொல்லியிருந்தால் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம்.

4

அடுத்த வருஷம் பச்சையம்மாளுக்கு நாள் நெருங்கியபோது மீன் பிடிக்க அனுமதி வாங்கப் போனேன். இந்த ஊரில் தூண்டில் போட இரண்டு சீட்டு வேண்டும். ஆற்றைப் பார்த்துக்கொள்கிற போர்டின் லைசென்ஸ் ஒன்று, கரையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற மீன்பிடி கிளப்பின் சீட்டு ஒன்று. கிளப் சீட்டு எழுதியவர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அப்பன் பெயரைச் சொன்னேன். எத்திராஜ் என்கிற நான் அந்தக் கிளப்பில் இன்றுவரை மிஸ்டர் முனுசாமி. காளவாயில் கூட வேலை செய்கிற பில்லும் கிளப்பில் உண்டு. அவன் என்னை ‘முனி’ என்று கூப்பிடுவான். நம் ஊரில் முனி என்றால் புளியமரத்தில் இருப்பது என்று அவனுக்கு நான் சொல்லவில்லை.

சீட்டோடு விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். பொடி எழுத்து. நான் படிக்கவில்லை. தேதி மட்டும் கேட்டுக்கொண்டேன். ஜூன் பாதிவரை தடை என்றார்கள்.

குழந்தை ஜூன் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. பச்சையம்மாளுக்குப் பால் சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நர்ஸ் சைக்கிளில் வந்து பார்ப்பாள். நல்லவள். பால் பவுடர் டப்பாவும் பாட்டிலும் கொடுத்து, கவலைப்படாதே, இதையே கொடுக்கலாம் என்றாள். பச்சையம்மாள் டப்பாவை அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டாள்.

“நீ எப்பய்யா மீன் புடிக்கப் போற?”

“இன்னும் நாளு கீது. இப்ப போட்டா புடிச்சிக்கினு பூடுவான்.”

“கடைல?”

“கடைல கடல் மீனுதான். ஐஸ்ல தலையில்லாம கெடக்குது.”

“அது வேணாம்” என்று குழந்தையை மாற்றிப் போட்டுக்கொள்வாள். குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். ஒரு நாள் மாலை அவளே டப்பாவை எடுத்துக் கொடுத்து, “கொஞ்சமா கலக்கு. நீ மீன் கொணாந்தா நிறுத்திடலாம்” என்றாள்.

தடை நீங்கிய அன்று கிளப்பில் போட்டி. நான் அதற்கென்று போகவில்லை, ஆனால் கரைக்கு வந்தவர்களையெல்லாம் போட்டியில் சேர்த்துவிட்டார்கள். மற்றவர்கள் பெரிய மீனுக்குக் காத்திருந்தார்கள். நான் என் பங்குக் கரையில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, காலால் சேற்றைக் கலக்கிவிட்டேன். கிளப்புக்காரர்களும் இதற்கென்று இரும்பு வாரி ஒன்று வைத்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. கலங்கலில் சின்ன முள்ளைப் போட்டேன். கட்ஜன் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பில் கொடுத்திருந்த வலைப்பையில் உயிரோடு போட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நாள் குழம்புக்கு வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். வீட்டில் துத்தநாகத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றி விட்டுவைத்தால் சேற்றையெல்லாம் கக்கிவிடும். தினமும் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் விசில் ஊதினார்கள். கிளப் காரியதரிசி தராசைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். எனக்கு முன்னால் இருந்தவர் வலையைத் தூக்கித் தராசில் வைத்தார். எடையை எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர் வலையின் வாயைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தார்.

கை தவறிவிட்டது என்று நினைத்தேன். “ஐயோ” என்று கத்திக்கொண்டு ஓடி, முழங்கால் தண்ணீரில் விழுந்து, இரண்டு கையாலும் மறித்தேன். மீன் என் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒன்றைப் பிடித்துவிட்டேன். தூக்கி அவரிடம் நீட்டினேன்.

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நல்ல வேடிக்கை செய்கிறான் முனி என்று நினைத்துவிட்டார்கள்.

“விட்டுவிடு, முனி” என்றான் பில்.

“வீட்டுக்கு?” என்றேன்.

“வீட்டுக்கா? எதற்கு?”

அடுத்தவர் கவிழ்த்தார். அதற்கடுத்தவரும். என் முறை வந்தது. எடை போட்டதில் மூன்றாம் இடமோ என்னவோ, கை தட்டினார்கள். காரியதரிசி ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். நான் வலையை மார்போடு அணைத்துக்கொண்டேன். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. உள்ளே மீன் துடிப்பது நெஞ்சில் தெரிந்தது.

காரியதரிசி ஓய்வுபெற்ற தபால்காரர். கோபமே இல்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். கிளப் விதி. அதோடு இவை அளவுக்குக் குறைந்த மீன். எடுத்துப்போனால் போர்டின் ஆள் உன்னைப் பிடிப்பான். சீட்டைப் பறித்துவிடுவார்கள். புத்தகத்தில் இருக்கிறதே.

என்னிடம் இருந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். பத்தியத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? “என் மனைவி. புதுக் குழந்தை. பால் இல்லை” என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பில் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தான். அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைப் பக்கம் விரைந்தான். திரும்பி வரும்போது இரண்டு பாட்டில் நிறையப் பசும்பால். “முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா, முனி” என்று என் கோட்டுப் பைகளில் ஒன்று ஒன்றாகச் செருகினான். அவன் கண் கலங்கியிருந்தது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வலையை நானே கவிழ்த்தேன்.

5

பச்சையம்மாள் பூண்டு உரித்து, மிளகு அரைத்து, தொட்டியைக் கழுவி நல்ல தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். நான் பாட்டில்களை மேசைமேல் வைத்தேன்.

“இன்னாது?”

“பாலு. குடுத்தாங்க.”

“பாலு எனுக்கு ஊறணும்யா. பாட்டில்ல ஊறினா இன்னா பிரயோசனம்? மீனு எங்க?”

“வுட்டாச்சி.”

“தப்பிச்சிட்ச்சா?”

“இல்ல. நானேதான் வுட்டேன். இங்க அல்லாரும் வுட்றாங்க. எடை போட்டுட்டு ஆத்துலயே வுட்றாங்க.”

அவள் கிட்டே வந்து என் வாயை மோந்து பார்த்தாள். “குடிச்சிட்டு வந்தியா?”

“சத்தியமா இல்ல.”

“துன்றதுக்கு இல்லன்னா எதுக்குய்யா புடிக்கிறான்?”

“வெளயாட்டுக்கு.”

“வாயில முள்ளக் குத்தி, வெளில இஸ்து, எடை பாத்து, அப்பறம் போயிட்டு வான்றானா? அந்த மீன் இன்னா நெனச்சிக்கும்?”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்கம்மாகிட்ட நீ சொன்ன ஆறு இதுதானா?” என்றாள்.

தொட்டித் தண்ணீரை நான் வெளியே கொண்டுபோய் ஊற்றினேன்.

சும்மா இருக்கவில்லை. காளவாய்க்குப் பின்னால் மண் தோண்டிவிட்ட பழைய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், அவற்றில் ஒரு சின்ன ஓடையும் வந்து விழும். அதற்குக் கிளப்பும் இல்லை, சீட்டும் இல்லை. வேலை முடிந்ததும் பச்சையம்மாளின் பழைய புடவைத் துண்டை எடுத்துப்போய் இரண்டு கையாலும் வாரினேன். முதலில் முதுகில் முள் நிற்கும் குட்டி மீன்கள்தான் வந்தன. பல நாள் போன பிறகு ஓடைக் கல்லுக்கடியில் கிடைத்தது. அசல் அயிரை. நிறம் கொஞ்சம் மாறினாலும் அதே உடம்பு, அதே வழவழப்பு. ஜாம் பாட்டிலில் உயிரோடு கொண்டுவந்தேன். வீட்டுக்காரக் கிழவி எட்டிப் பார்த்து, குழந்தை பார்த்துக்கொண்டிருக்க எவ்வளவு அழகு என்றாள்.

பச்சையம்மாள் கல்லுப்பைப் போட்டு, சட்டி அடியில் தேய்த்து, நுரை போகக் கழுவிக் குழம்பு வைத்தாள். சோற்றில் போட்டுப் பிசைந்து ஒரு வாய் தின்றாள்.

“கொயம்பு நல்லா கீது” என்றாள். இன்னொரு வாய் தின்றுவிட்டு, “நாளுதான் பூட்ச்சி” என்றாள். அதற்குள் குழந்தை பாட்டிலுக்குப் பழகிவிட்டது. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குழந்தை இளைத்திருந்தால் யார்மேலாவது கோபப்படலாம். அது நன்றாகக் கொழுத்தது. நர்ஸ் வாரம் ஒருமுறை தராசில் போடுவாள், சந்தோஷப்படுவாள், எங்கள் கையில் திருப்பிக் கொடுப்பாள். செல்விக்கு ஒரு குறையும் வந்ததில்லை. வகுப்பில் அவள்தான் உயரம். குறை பச்சையம்மாளுக்கு மட்டும்தான். அதை அளக்க நர்ஸிடம் தராசு இல்லை.

அவள் அம்மாவுக்கு நான்தான் கடிதம் எழுதுவேன். இவளுக்கு எழுத வராது, அங்கே யாராவது படித்துச் சொல்வார்கள். அன்று என்ன எழுத என்று கேட்டேன்.

“மீன் கெடச்சிதுன்னு எயுது. பால் ஊறிச்சின்னு எயுது.”

“அப்டியா எயுதச் சொல்ற?”

“வேற இன்னா எயுதுவ? எம்பொண்ணு புருசன் மீன வுட்டுட்டு வந்தான்னு அவ தெருவெல்லாம் சொல்லிக்கினு அயணுமா?”

எழுதினேன். முனியம்மாள் அந்தச் சேதியைத் தெருவெல்லாம் சொன்னாளாம். கடல் தாண்டிப் போயும் என் மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் என்று இன்றைக்கும் சொல்கிறாளாம். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் எனக்குத் தனியாக ஒரு ஆசீர்வாதம் இருக்கிறது. அந்த வரியைப் பச்சையம்மாளுக்குப் படித்துக் காட்டும்போது அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

நான் கிளப்பை விடவில்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேறு எங்கே போவது? பில்லின் பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்து, எடை போட்டு, கவிழ்த்துவிட்டு வருவேன். இரண்டு மூன்று வருஷத்தில் அது பழகிவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய மட்டும் பழகவில்லை. செருப்பைக் கழற்றும்போது பச்சையம்மாள் என் கையைப் பார்க்க மாட்டாள். பார்க்காமல் இருப்பது எனக்குத் தெரியும்.

6

ஊருக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. போய்ப் பெற்றுக்கொண்டு வரட்டும், தலைச்சனுக்கு முடியாதது இதற்காவது நடக்கட்டும் என்று நானும் நினைத்தேன். செல்விதான் கேள்விமேல் கேள்வி கேட்டாள். அங்கே எல்லோரும் தமிழ்தான் பேசுவார்களா, தனக்குப் பதில் சொல்ல வராவிட்டால் சிரிப்பார்களா, கக்கூஸ் எங்கே இருக்கும். நாங்கள் தமிழில் சொன்னோம், அவள் இங்கிலீஷில் கேட்டாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

போன வாரம் மூன்று பேரும் பக்கத்துப் பெரிய டவுனுக்குப் போனோம். அங்கே கப்பல் டிக்கெட் எழுதுகிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது. சுவரில் கப்பல் படம். செல்வி அதன் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். குமாஸ்தா இளைஞன். போக மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா என்று கேட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்தே என்றேன்.

“சிங்கிள்” என்றாள் பச்சையம்மாள்.

அவள் இங்கிலீஷ் பேசி நான் கேட்டது அபூர்வம். மார்க்கெட் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிச் சொல்லி வந்த சொல் அது. போக ஒரு டிக்கெட், வரும்போது மூட்டை கனத்தைப் பார்த்து நடப்பதா பஸ்ஸா என்று முடிவு செய்வாள். குமாஸ்தா என்னைப் பார்த்தான். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“இன்னா சொல்ற?”

“எனுக்குப் போறதுக்கு மட்டும் போதும்.”

“அப்ப செல்வி?”

அவள் கப்பல் படத்தடியில் நின்ற செல்வியைப் பார்த்தாள். “அவளுக்கு ரெண்டும் போடச் சொல்லு. இந்த ஊர்ல வளந்த புள்ள. அவள அங்க வச்சிக்கினு நான் ஏன் பேஜார் பண்ணணும்? கொயந்த பொறந்து பேர் வச்சதும் அனுப்பிடறேன்.”

“தனியாவா?”

“தனியா எப்டிய்யா அனுப்புவேன்? நீ வந்து கூட்டிக்கினு போ.”

“நான் வந்தா நீயும் வருவியா?”

“மொதல்ல வா. எங்கம்மா எதுர்ல வந்து உக்காரு. அப்பறம் பேசிக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. மார்க்கெட்டில் எது வாங்கலாம் என்று பேசுகிற குரலில்தான் சொன்னாள். அந்தக் கிழவி எதிரில் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. தெருவைக் கூப்பிட்டு, இதோ என் மாப்பிள்ளை என்று காட்டுவாள். நான் தலையாட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இல்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒன்று போக மட்டும், சின்னவர்களுக்கு ஒன்று போகவும் வரவும் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். அவன் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதினான். வழக்கமாக இது தலைகீழாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. எழுதி முடித்துவிட்டு, சிறுமியை அழைத்து வர நீங்கள் பிறகு போவீர்களா, உங்களுக்கும் இப்போதே ஓர் இடம் போட்டுவைக்கலாமே என்றான். பேனா காகிதத்தின் மேல் நின்றது.

எத்தனையோ ஊருக்கு யாரும் கேட்காமலே கிளம்பிப் போனவன் நான். கிளம்ப யோசித்ததே இல்லை.

“இப்போதைக்கு வேண்டாம்” என்றேன்.

அவன் பேனாவை மூடினான். இங்கிலீஷில் சொன்ன அந்தப் பதிலைப் பச்சையம்மாளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் வெளியே நடந்தாள்.